பைத்தானிலிருந்து கலண்டர் அழைப்பு அனுப்புவது: ஒரு சேர்ஃபிங் வகுப்பை வைத்துச் செய்முறை

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை சேர்ஃபிங் சீசன். அந்த மாதங்களுக்கான புக்கிங் அதற்கு வெகு முந்தியே வரத் தொடங்கிவிடும். லண்டனிலோ மெல்பனிலோ இருக்கும் ஒருவர் "ஜூலை 14 காலை வகுப்பு, இரண்டு பேர்" என்று எழுதுவார். வட்ஸ்அப்பில் "சரி" என்று பதில் போகும். இரண்டு மாதம் கழித்து அந்தச் "சரி" எந்தக் குவியலுக்குள் கிடக்கிறது என்று இரண்டு பக்கமும் தேடும். இதற்குள் கடல் பெருத்து, வகுப்பு அரை மணி முந்தியிருக்கும், இல்லாவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயிருக்கும்.

இதற்கு நல்ல தீர்வு, புக்கிங் பதிவானதும் உங்கள் புரோகிராமே விருந்தாளிக்கு ஒரு கலண்டர் அழைப்பை மின்னஞ்சலில் அனுப்புவது. அவர் ஏற்கும் பொத்தானை அழுத்தினால் போதும், நாள், நேரம், இடம் எல்லாம் அவருடைய போனில் ஏறிவிடும். பொத்துவிலிலோ கல்முனையிலோ கல்லடியிலோ வீட்டில் இருந்தபடி இப்படிச் சின்னச் சின்னப் புக்கிங் தளங்கள் எழுதிக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். டியூஷன் வகுப்பு, பல் டாக்டரின் அப்பொயின்ட்மென்ட், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களோடு ஸூம் கூட்டம் என்று எதற்கும் வழி இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழைப்பை அனுப்புவது பாதி வேலை. பிறகு அதை மாற்றவும் ரத்துச் செய்யவும் முடிகிற விதமாக அனுப்புவதுதான் முழு வேலை. தேடினால் கிடைக்கும் மாதிரி நிரல்களில் நிறைய முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. கடலை நம்பி நேரம் குறிக்கிற தொழிலுக்கு அந்த முதல் பாதி மட்டும் உதவாது.

கோப்புக்குள் வரும் கட்டளைச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவதுதான் வழக்கம். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன். தனி எழுத்தாக ஒலிக்கும்போது, "டி" என்று வருமிடத்தில் ஆங்கிலத்தின் நாலாவது எழுத்து, "ரி" என்று வருமிடத்தில் இருபதாவது எழுத்து, "இசட்" என்றால் கடைசி எழுத்து.

தேவையானவை

பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு. ஊர் நேரங்களைக் கணக்கிடும் ஸோன்இன்ஃபோ அதில்தான் உள்ளேயே வருகிறது. விண்டோஸில் வேலை செய்கிறவர்கள் பிப் மூலம் ரிஇசட்டேட்டாவையும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு நேரத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் ஐகலண்டர் என்ற லைப்ரரி. கடைசியாக, யாராவது திறந்து பார்க்கிற ஒரு மின்னஞ்சல் முகவரி. "இதற்குப் பதில் போடாதீர்கள்" என்கிற வகை முகவரி இந்த வேலைக்கு ஆகாது. காரணம் பின்னால் வருகிறது.

அழைப்புக்குள் என்ன இருக்கிறது

கலண்டர் அழைப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். அதை எப்படி எழுதுவது என்ற விதி, 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கிறது. அழைப்பு, பதில், ரத்து ஆகியவை எப்படிப் போய்வர வேண்டும் என்பதை ஆர்எஃப்சி 5546 சொல்கிறது. அவற்றை மின்னஞ்சலில் எப்படி வைப்பது என்பது ஆர்எஃப்சி 6047. மூன்றையும் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் ஏதாவது சிக்கினால் எதைத் திறப்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

நம்முடைய வகுப்பு இப்படி இருக்கும்:

பிகின்:விகலண்டர்
வேர்ஷன்:2.0
புரொட்ஐடி:-//எங்கள் புக்கிங்//
மெதட்:ரிக்வெஸ்ட்
பிகின்:விஇவென்ட்
யுஐடி:ஒரு நீண்ட தனிக் குறி
சீக்குவன்ஸ்:0
டிரிஸ்டாம்ப்:20260510ரி064500இசட்
டிரிஸ்டார்ட்:20260713ரி233000இசட்
டிரிஎண்ட்:20260714ரி020000இசட்
சமரி:சேர்ஃபிங் முதல் வகுப்பு
லொகேஷன்:பேபி பாயிண்ட்\, அறுகம்பை
ஓர்கனைசர்:மெயில்டூ:உங்கள் புக்கிங் முகவரி
அட்டெண்டீ;ஆர்எஸ்விபி=ட்ரூ;பார்ட்ஸ்டாட்=நீட்ஸ்-அக்ஷன்:மெயில்டூ:விருந்தாளியின் முகவரி
எண்ட்:விஇவென்ட்
எண்ட்:விகலண்டர்

மெதட் வரி இல்லாவிட்டால் இது அழைப்பே அல்ல, வெறும் நிகழ்ச்சிக் குறிப்பு. பெறுகிறவர் அதைக் கலண்டரில் சேர்க்கலாம், ஆனால் "வருகிறேன்", "வரவில்லை" என்ற பொத்தான்கள் வராது. விருந்தாளியைக் குறிக்கும் அட்டெண்டீ வரியில் இருக்கும் முகவரியும் மடல் போகும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். விருந்தாளி ஒரு முகவரியில் புக் பண்ணி, நீங்கள் இன்னொன்றுக்கு அனுப்பினால், யார் சார்பில் பதில் சொல்வது என்று அவருடைய கலண்டருக்கு விளங்காது.

ஒரே வகுப்பில் ஆறு பேர் என்றால் ஆறு அட்டெண்டீ வரிகளை ஒரே கோப்பில் போடத் தோன்றும். போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒருவருடைய முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் அவர்கள். ஆளுக்கு ஒரு மடல், அதில் அவருடைய வரி மட்டும்.

நேரம்

தொடக்க நேரத்தைச் சொல்லும் டிரிஸ்டார்ட் வரியை மேலே இன்னொரு முறை பாருங்கள். வகுப்பு ஜூலை 14, ஆனால் வரியில் 13 என்று இருக்கிறது. பிழையில்லை. ஓட்டோ விருந்தாளியை ஏற்றுவது காலை 5 மணிக்கு. இலங்கை நேரம், உலகப் பொது நேரமான யுரிசியை விட 5:30 மணி முன்னால் நிற்பதால், 14ஆம் தேதி காலை 5 மணி என்பது யுரிசியில் 13ஆம் தேதி இரவு 23:30. காலை 5:30க்கு முந்திய எந்த நேரத்துக்கும் யுரிசியில் தேதி ஒரு நாள் பின்னால் போகும். விடியற்காலையில் தொடங்குகிற தொழில்களில் இது அடிக்கடி வரும். தேதியை மட்டும் தனியாக எடுத்து ஒட்டுகிற நிரல்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆகவே 5:30ஐ நீங்களே கையால் கழிக்க வேண்டாம். நேரத்தை ஏசியா/கொழும்பு என்ற ஸோன்இன்ஃபோவோடு உருவாக்கி, அஸ்டைம்ஸோன் மூலம் யுரிசிக்கு மாற்றுங்கள். எங்கள் நேரம் எப்போதும் 5:30ஆக இருந்ததும் இல்லை. 1996 மே மாதம் 6:30க்குப் போய், அதே ஆண்டு ஒக்டோபரில் 6 மணியாகி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப 5:30க்கு வந்தது. ஒரு சங்கத்தின் பழைய நிகழ்ச்சிகளைக் கலண்டரில் ஏற்றும் வேலை வந்தால், 2005ஆம் ஆண்டுக் கூட்டம் அரை மணி தள்ளி நிற்பதற்குக் காரணம் இதுதான். ஸோன்இன்ஃபோவுக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும்.

கடைசியில் இருக்கும் இசட் எழுத்தை விட்டுவிட்டால் அந்த நேரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத நேரமாகிவிடும். லண்டன் போனில் லண்டன் 5 மணி, மெல்பன் போனில் மெல்பன் 5 மணி. விருந்தாளி இங்கே வந்து இறங்கியதும் சரியாகத்தானே காட்டும் என்று நினைக்கலாம். ஆனால் சில கலண்டர்கள் அழைப்பை உள்ளே எடுக்கும்போதே அதைத் தங்கள் ஊர் நேரமாகப் பூட்டிவிடும். அப்புறம் அது நகராது.

இசட்டோடு சரியாக அனுப்பினாலும் ஒரு கேள்வி வரும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். ஜூலையில் லண்டன் எங்களைவிட 4:30 மணி பின்னால். உங்கள் காலை 5 மணி, லண்டனில் இருந்தபடி மடலைத் திறக்கிறவருக்கு இரவு 12:30 என்று தெரியும். மெல்பன்காரருக்குக் காலை 9:30. "நள்ளிரவிலா சேர்ஃபிங்?" என்று கேட்பார்கள். கலண்டர் சரியாகத்தான் இருக்கிறது, அவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கிப் போன் இலங்கை நேரத்துக்கு மாறியதும் 5 மணி என்று காட்டும். இருந்தாலும் மடலின் எழுத்துப் பகுதியில் "இலங்கை நேரம் காலை 5:00, ஜூலை 14, செவ்வாய்" என்று கட்டாயம் எழுதுங்கள். சமரி வரியிலேயே போட்டாலும் நல்லதுதான்.

யுஐடியும் சீக்குவன்ஸும்

யுஐடி என்பது அந்த நிகழ்ச்சியின் அடையாள அட்டை இலக்கம். முகவரி மாறலாம், நேரம் மாறலாம், இலக்கம் மாறாது. பைத்தானின் யுயுஐடி4 கொடுக்கும் குறியோடு அட் குறியும் உங்கள் தளத்தின் பெயரும் சேர்த்து ஒன்றை உருவாக்குங்கள். மடல் அனுப்புவதற்கு முன்பே அதைப் புக்கிங் அட்டவணையில் எழுதிவைத்துவிட வேண்டும். பக்கத்தில், இது எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும் சீக்குவன்ஸுக்கு ஒரு நெடுவரிசை, தொடக்கத்தில் 0.

ஜூலை 12ஆம் தேதி காற்றைப் பார்த்துவிட்டு சேர்ஃபிங் மாஸ்டர் சொல்கிறார்: பேபி பாயிண்ட் வேண்டாம், விஸ்கி பாயிண்டுக்குப் போவோம், தூரம் என்பதால் ஓட்டோ 4:30க்கு. இப்போது உங்கள் புரோகிராம் அதே யுஐடியை எடுத்து, சீக்குவன்ஸை 1 ஆக்கி, அழைப்பு உருவான நேரத்தைச் சொல்லும் டிரிஸ்டாம்பை அப்போதைய நேரத்துக்குப் புதுப்பித்து, புதிய இடத்தையும் நேரத்தையும் போட்டு, மெதட் ரிக்வெஸ்டாகவே திரும்ப அனுப்ப வேண்டும். விருந்தாளியின் கலண்டரில் பழைய கட்டம் தானாக இடம் மாறும்.

யுஐடியை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் நிரல் இந்த இடத்தில் என்ன செய்யும்? விருந்தாளியின் கலண்டரில் இரண்டு வகுப்பு நிற்கும், ஒன்று 4:30க்கு, ஒன்று 5 மணிக்கு. அவர் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது. ஓட்டோக்காரர் இருட்டில் ஒரு வாசலில் காத்திருக்க, அவர் நித்திரையில் இருப்பார். பணம் திருப்பிக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, இணையத்தில் வரும் ஒற்றை நட்சத்திர விமர்சனம் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கும். சீக்குவன்ஸைக் கூட்ட மறந்தாலும் ஆபத்துதான், வந்திருப்பது பழைய பிரதி என்று நினைத்துச் சில கலண்டர்கள் மாற்றத்தை விட்டுவிடும்.

ரத்துக்கு மெதட் கேன்சல். நிகழ்ச்சிக்குள் ஸ்டேட்டஸ்:கேன்சல்ட் என்று ஒரு வரி சேரும். யுஐடி அதே, ஓர்கனைசர் அதே, சீக்குவன்ஸ் மறுபடி ஒன்று கூடும். புக்கிங்கை அட்டவணையிலிருந்து அழித்துவிட்டு அப்புறம் ரத்து மடல் அனுப்ப நினைத்தால் யுஐடி கையில் இருக்காது. ஆகவே வரியை அழிக்காமல், "ரத்து" என்று குறித்துவையுங்கள்.

தமிழில் எழுதும்போது

எழுத்துகள் யுரிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். வரி ஒவ்வொன்றும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் இரண்டோடும் முடிய வேண்டும். ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடுத்த வரிக்கு மடித்து, அந்த வரியை ஒரு வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும். எண்ண வேண்டியது எழுத்தை அல்ல, பைட்டை. யுனிகோட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனியாகவே கணக்கு. "அறுகம்பை" நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு 8 குறி, 24 பைட். ஆகவே 25 குறிகளில் வரி நிரம்பிவிடும். பைட்டை எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஒரு குறியின் நடுவில் வெட்டு விழலாம். எதிர்ப்பக்கத்து மென்பொருள் அதைச் சரியாக ஒட்டாவிட்டால் அங்கே கேள்விக்குறிப் பெட்டிதான் தெரியும்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, பின்சாய்கோடு ஆகியவற்றுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். மேலே லொகேஷன் வரியில் இருப்பது அதுதான்.

இதையெல்லாம் கையால் எழுதலாம், ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சியும்கூட. ஆனால் காசு வாங்கிச் செய்கிற வேலையில் ஐகலண்டர் லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள். மடிப்பது, பின்சாய்கோடு போடுவது எல்லாவற்றையும் அது ஒழுங்காகச் செய்கிறது. முடிவில் ரு_ஐகல் என்று அழைத்தால் கோப்பு பைட்டுகளாக வரும். அதை யுரிஎஃப்-8 என்று டிகோட் பண்ணி எழுத்தாக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மடலைக் கட்டுவது

கோப்பைச் சும்மா இணைப்பாகச் சேர்த்து அனுப்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. மடல் போகும், இணைப்பும் தெரியும், பொத்தான்கள் மட்டும் பல இடங்களில் வராது. பொத்தான் வர வேண்டுமென்றால், கலண்டர் பகுதி மடலின் உடலுக்குள்ளேயே ஒரு மாற்று வடிவமாக இருக்க வேண்டும்.

பைத்தானில் அதற்கு இமெயில்மெசேஜ் இருக்கிறது. அதை, மடல் அனுப்பும் முறையான எஸ்எம்ரிபியின் பொலிசியோடு உருவாக்குங்கள், வரி முடிவுகள் சரியாக வரும். செட்_கொன்டென்ட் மூலம் வெறும் எழுத்து. பிறகு அட்_ஆல்டர்னேட்டிவ் மூலம் எச்ரிஎம்எல் வடிவம். அதற்குப் பிறகு மறுபடி அட்_ஆல்டர்னேட்டிவ், இந்த முறை கலண்டர் எழுத்து, சப்டைப் என்ற இடத்தில் கலண்டர், பராம்ஸ் என்ற இடத்தில் மெதட் ரிக்வெஸ்ட். இந்த வரிசை முக்கியம். மாற்று வடிவங்களில் கடைசியாக இருப்பதையே மிகச் சிறந்ததாக மடல் செயலிகள் எடுத்துக்கொள்ளும்.

கலண்டர் பகுதியின் தலைப்பில் போகும் இந்த மெதட்டும், கோப்புக்குள் இருக்கும் மெதட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரத்து மடலில் உள்ளே கேன்சல் என்று மாற்றிவிட்டு வெளியே ரிக்வெஸ்ட்டை அப்படியே விட்டுவிடுவது எளிதில் நடக்கும். மெதட்டை ஒரே மாறியில் வைத்து இரண்டு இடத்துக்கும் அதையே கொடுங்கள்.

விரும்பினால் அட்_அட்டாச்மென்ட் மூலம் அதே கோப்பை ஐசிஎஸ் இணைப்பாகவும் சேர்க்கலாம். நோட்.ஜேஎஸ்ஸில் எழுதுகிறவர்களுக்கு நோட்மெயிலரில் ஐகல்இவென்ட் என்று தயாராகவே ஒரு வசதி இருக்கிறது. பிஎச்பியில் பிஎச்பிமெயிலரின் ஐகல் அதே வேலையைச் செய்யும்.

அனுப்புவது

தொடக்கத்துக்கு ஒரு ஜிமெயில் கணக்கு காணும். எஸ்எம்ரிபிலிப் மூலம் ஜிமெயிலின் சேர்வரோடு 587ஆம் போர்ட்டில் இணைந்து, ஸ்டார்ட்ரிஎல்எஸ் அழைத்து, லொகின் செய்து, சென்ட்_மெசேஜ். வழக்கமான பாஸ்வேர்ட் வேலை செய்யாது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து அப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுக்க வேண்டும். அதை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் வையுங்கள். நிரலைக் கிட்ஹப்பில் போடும் நாளில் அதன் அருமை விளங்கும். சொந்தத் தளப்பெயரிலிருந்து அனுப்பப் போனால், மடல் உண்மையில் உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை முதலில் ஒழுங்காக்குங்கள், இல்லாவிட்டால் அழைப்பு ஸ்பாமுக்குள் போய்க் கிடக்கும்.

அழைப்பவரைக் குறிக்கும் ஓர்கனைசர் முகவரியும் மடலின் அனுப்புநர் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். விருந்தாளி பொத்தானை அழுத்தியதும் பதில் போவது ஓர்கனைசர் முகவரிக்குத்தான். யாரும் திறக்காத முகவரியைப் போட்டால் பதில்கள் எல்லாம் கிணற்றில் போனதுதான். பதில் மடலிலும் ஒரு கலண்டர் பகுதி இருக்கும்: மெதட் ரிப்ளை, அதே யுஐடி, விருந்தாளியின் முடிவைச் சொல்லும் பார்ட்ஸ்டாட் இடத்தில் அக்செப்டெட், டிக்லைன்ட், டென்டேட்டிவ் மூன்றில் ஒன்று. மடல்பெட்டியைப் படிக்கும் முறையான ஐமாப் வழியாக, 993ஆம் போர்ட்டில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து அவற்றைப் படிக்கும் ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ளலாம். யுஐடியை அட்டவணையில் தேடி, பதில் வந்த முகவரியும் பொருந்துகிறதா என்று பார்த்து, அப்புறம் நிலையை மாற்றுங்கள். டிக்லைன்ட் வந்தால் அந்தப் பலகை அடுத்தவருக்கு. டென்டேட்டிவ் வந்தால் புரோகிராம் எதையும் தீர்மானிக்க வேண்டாம், வட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கேட்பதுதான் சரி.

நினைவூட்டலைக் கோப்புக்குள்ளேயே வைக்க விஅலார்ம் என்ற பகுதி உண்டு. அதை நம்ப வேண்டாம். அழைப்போடு வரும் அலாரத்தைப் பல கலண்டர்கள் கண்டுகொள்வதில்லை, பயனரின் சொந்த அமைப்பையே எடுக்கின்றன. முந்திய நாள் மாலை ஒரு செய்தி தனியாக அனுப்புங்கள்.

கூகிள் கலண்டரின் ஏபிஐ மூலம் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். அனுப்பும் கணக்கு எப்போதும் ஒரே கூகிள் கணக்காகவே இருக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், யுஐடி, சீக்குவன்ஸ், பதில் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாளைக்கு வாடிக்கையாளர் வேறு மடல் சேவைக்கு மாறலாம் என்றால் மேலே சொன்ன வழிதான் உங்கள் கையில் நிற்கும்.

சோதிப்பது

உங்களுக்கே அனுப்பிப் பார்க்காதீர்கள். அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே முகவரி என்றால் கலண்டர் உங்களை ஓர்கனைசராகவே நடத்தும், விருந்தாளி என்ன பார்ப்பார் என்று தெரியாது. ஒரு ஜிமெயில், ஒரு அவுட்லுக், ஒரு ஐபோன், மூன்றுக்கும் அனுப்புங்கள். வீட்டில் ஐபோன் இல்லாவிட்டால் நண்பர் ஒருவரிடம் கேளுங்கள், அறுகம்பைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜிமெயிலில் பொத்தான் வராவிட்டால், மடலின் மூல வடிவத்தைத் திறந்து கலண்டர் பகுதியின் தலைப்பில் மெதட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் அட்டெண்டீ முகவரியைப் பாருங்கள். பொத்தான் வந்தும் கலண்டரில் தானாக ஏறவில்லை என்றால் அது உங்கள் பிழையாக இருக்காது. தெரிந்தவர்களின் அழைப்பை மட்டும் சேர்க்கும்படி கூகிள் கலண்டரில் ஓர் அமைப்பு உண்டு. அவர் ஏற்றதும் ஏறிவிடும். மடலில் "ஏற்கும் பொத்தானை அழுத்துங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரி.

மூன்று பெட்டியிலும் அழைப்பு ஒழுங்காக வந்ததோடு நிறுத்தாமல், நேரத்தை அரை மணி மாற்றி அனுப்புங்கள், கலண்டரில் ஒரே ஒரு கட்டம் இருக்க வேண்டும், அது புதிய நேரத்தில் இருக்க வேண்டும். போனின் நேரத்தை லண்டனுக்கு மாற்றிப் பாருங்கள், திரும்பக் கொழும்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பெட்டியிலிருந்து மறுப்பு அனுப்பி, அட்டவணையில் அந்த இடம் காலியாகிறதா என்று பாருங்கள். பிறகு மற்ற இரண்டுக்கும் ரத்து மடலை அனுப்புங்கள். சில கலண்டர்கள் கட்டத்தை எடுத்துவிடும், சில "ரத்தானது" என்று குறியிட்டு வைத்திருக்கும். இரண்டும் சரியே. பழைய கட்டம் எந்தக் குறியும் இல்லாமல் அப்படியே நின்றால் மட்டும் யுஐடியையும் சீக்குவன்ஸையும் மறுபடி போய்ப் பாருங்கள்.